மருந்து டப்பா, சாயக் கேன், நீலப் பேரல்: காலியானதை மறுபடி புழங்குவது எப்படி?

எங்கள் அப்பாரிடம் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. பர்கூர் மலையடிவாரத்தில், அந்தியூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். கடலைக்காட்டில் காட்டுப்பன்றி இறங்கும். வெள்ளாமைக் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். அதற்கான கரிமருந்து ஒரு வட்டத் தகர டப்பாவில் அட்டாலியில், அதாவது பரணில், இருக்கும். அவர் போன பிறகு துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம், லைசென்ஸையும் கொடுத்துவிட்டோம். டப்பாவை யாரும் கேட்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. அதுதான் காலியாயிற்றே.

நல்ல இறுக்கமான மூடி என்று அத்தை அதில் விளக்குத் திரி போட்டு வைத்தார். பல வருசம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கார்த்திகை தீபத்தன்று டப்பாவை இடுக்கிக்கொண்டே தீக்குச்சி கிழித்தார். குச்சியின் தலை உடைந்து உள்ளே விழுந்தது. "புஸ்" என்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை, கந்தக வாடை. அத்தையின் ஒரு புருவமும் முன்மயிரும் கருகியதோடு போயிற்று. "காலி டப்பாடா கண்ணு அது! நாந்தானே தொடைச்சு வெச்சேன்!" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வெயிலில் வைத்துப் பார்த்தேன். அடித்தகடும் சுவரும் சேரும் மடிப்பில் கண்மை தீட்டின மாதிரி ஒரு கருப்புக் கோடு, பாதி எரிந்தும் பாதி எரியாமலும். கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் ஏறக்குறைய 75, 15, 10 என்ற கணக்கில் சேர்ந்தது. ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருசமானாலும் அதன் குணம் மாறாது. துணியால் துடைத்தால் மடிப்புக்குள் இருப்பது வருமா?

நம் ஊரில் கரிமருந்தும் மருந்துதான், பருத்திக்கு அடிக்கிறதும் மருந்துதான், சாயப்பட்டறையில் ஊற்றுகிறதும் மருந்துதான். மூன்றின் டப்பாவும் கடைசியில் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற நம் பொடக்காலிக்குத்தான் வந்து சேர்கிறது. திருப்பூரிலிருந்தும் பெருந்துறையிலிருந்தும் வருகிற நீலப் பேரல் இல்லாத தோட்டம் கொங்கு நாட்டில் எத்தனை இருக்கும்? ஜீவாமிர்தம் என்கிற சாணிக் கரைசல் உரம் கரைக்க, மாட்டுக்குத் தண்ணி வைக்க, சொட்டுநீருக்கு உரம் கரைக்க, புண்ணாக்கு ஊறப்போட என்று எல்லாவற்றுக்கும் அதுதான். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானே பதினாலு பேரல் வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது, எடுத்ததை எப்படிக் கழுவுவது, எப்படிப் பேர் வைப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மிச்சம் எங்கே ஒளிந்திருக்கிறது

கழுவப் போகும் முன் கேனை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றி ஆட்டினால் போகிற மிச்சம் அடியில் கிடக்கிற மிச்சம்தான். போகாதது நான்கு இடத்தில் இருக்கும்.

முதலில் மூடி. மூடிக்குள் வட்டமாக ஒரு வாசர் இருக்கும், நுரைபோன்ற அட்டை அல்லது ரப்பர். அதை ஒரு குச்சியால் நெம்பி எடுத்தால் அடியில் ஈரம் தெரியும். வருசக்கணக்கில் அங்கேயே இருக்கும். பூச்சிமருந்து டப்பாவில் இதுதான் மிக மோசமான இடம்.

அடுத்தது மரை. மூடி திருகுகிற கழுத்துப் பக்கம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக இருந்தால் அது காஸ்டிக் சோடாவாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, யாரும் நினைக்காத இடம்: கைப்பிடி. 5 லிட்டர், 10 லிட்டர் கேன்களில் கைப்பிடி உள்ளே கூடாக இருக்கும். கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து வடியவிட்டாலும் அந்தக் கூட்டுக்குள் ஒரு மடக்கு நின்றுவிடும். நிமிர்த்தினதும் திரும்ப உள்ளே இறங்கும். கழுவினேன் கழுவினேன் என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் கேனிலும் வாடை அடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

நான்காவது இடத்தை எந்தத் தண்ணீராலும் கழுவ முடியாது. பிளாஸ்டிக் சுவரே அது. பூச்சிமருந்தில் பல, எண்ணெய்போன்ற கரைப்பானில் கரைத்து வருபவை. அந்தக் கரைப்பான் பிளாஸ்டிக்குக்குள் ஊறி மருந்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பிறகு அந்தக் கேனில் நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோ ஊற்றினால், ஊறிய மருந்து மெதுவாக எண்ணெய்க்குத் திரும்பி வரும். தண்ணீரைவிட எண்ணெய்க்குச் சீக்கிரம் வரும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியது

பழைய பேரல் கடைக்காரர் "எல்லாம் சோப்பு ஆயில் பேரலுங்க, ஒண்ணும் பண்ணாது" என்பார். எல்லாப் பேரலும் சோப்பு ஆயில் பேரல் என்றால் திருப்பூரில் இத்தனை பனியனுக்கு யார் சாயம் போட்டது? லேபிள் கிழிக்காத பேரலாகக் கேளுங்கள். லேபிளைச் சுரண்டிவிட்டுப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிற பேரலைவிட, அழுக்காக லேபிளோடு நிற்கிற பேரல் எவ்வளவோ மேல். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத பேரலை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை எடுத்துப் போவதென்றால் இதை எடுத்துப் போங்கள்.

லேபிளில் எழுத்துப் படிக்க முடியாவிட்டாலும் சாய்சதுரக் கட்டம் இருக்கும். அதன் நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் வெடிபொருள். சிவப்பில் தீச்சுடர் என்றால் பற்றிக்கொள்ளும் திரவம். மஞ்சளில் வட்டத்தின்மேல் சுடர் என்றால் தான் எரியாவிட்டாலும் மற்றதை எரிய வைக்கும் பொருள், துணி வெளுக்கிற பெராக்சைடு இந்த வகை. வெள்ளையில் மண்டை ஓடு என்றால் விஷம். மேலே வெள்ளை, கீழே கருப்பு, நடுவில் கையையும் இரும்பையும் அரிக்கிற படம் இருந்தால் அமிலம் அல்லது காஸ்டிக்.

பூச்சிமருந்துக்கு நம் நாட்டில் தனி முக்கோணம் உண்டு. சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம் என்று பொருளில்லை. அதையும் நினைப்பவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

கேனின் அடியில் அம்புக்குறி முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 2 என்றால் கெட்டியான பாலித்தீன், நீலப் பேரல் எல்லாம் இதுதான். இந்த எண் பிளாஸ்டிக்கின் ஜாதியைத்தான் சொல்லும், உள்ளே இருந்த சரக்கைச் சொல்லாது. "அடியில 2 போட்டிருக்குது, புட் கிரேடுங்க" என்று விற்பது சுத்தப் புரட்டு.

பூச்சிமருந்து டப்பா: கழுவுவது தூக்கிப் போடத்தான்

இதில் பேச்சே இல்லை. பூச்சிமருந்து, களைக்கொல்லி இருந்த எதையும் வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. டீசல் பிடிக்கவும் கூடாது, பாத்ரூமில் சொம்பாக வெட்டி வைக்கவும் கூடாது. அப்புறம் ஏன் கழுவ வேண்டும்? அடியில் நிற்கிற மருந்து நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. அது வயலுக்குப் போகட்டும், வாய்க்காலுக்கு வேண்டாம்.

மருந்தை டேங்கில் ஊற்றியவுடன், டப்பா காய்வதற்குள் செய்ய வேண்டும். கடைசிச் சொட்டு இறங்கும்வரை அரை நிமிடம் டேங்கின் மேலேயே கவிழ்த்துப் பிடியுங்கள். கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, கைப்பிடிக் கூடு நிறைகிற மாதிரி சாய்த்தும் கவிழ்த்தும் அரை நிமிடம் குலுக்குங்கள். அந்தத் தண்ணீரை அதே டேங்கில் ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. கையுறை கட்டாயம். மூடியைத் தனியாக அலசி அதையும் டேங்கில் விடுங்கள். பிறகு டப்பாவின் அடியில் ஆணியாலோ கத்தியாலோ நாலு ஓட்டை. ஓட்டை போட்ட டப்பாவை யாரும் எடுத்துப் போய் எண்ணெய் வாங்க மாட்டார்கள்.

1971-ஆம் வருசத்துப் பூச்சிக்கொல்லி விதிகளில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது, 44-ஆவது. காலி டப்பாக்களை வெளியில் போட்டு வைக்கக் கூடாது, மறுபடி யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்கிறது அது. நம் ஊர் வரப்புகளைப் பார்த்தால் அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. எரிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், புகையிலும் மருந்து போகும்.

2013 ஜூலை 16-ஆம் தேதி பீகாரில் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் இருந்தது ஆய்வில் தெரிந்தது. பூச்சிமருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருந்ததாக அப்போது சொன்னார்கள். மோனோகுரோட்டபாஸ் நம் ஊர்த் தென்னைக்கு வேர் வழியாகக் கட்டின அதே மருந்துதான்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. பெரிய டப்பாவிலிருந்து ஒரு தோட்டத்துக்கு மட்டும் வேண்டிய மருந்தைக் கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்துக் கொடுப்பது. களைக்கொல்லியான பாராகுவாட் இப்படிப் பாட்டில் மாறித்தான் உலகம் முழுக்க நிறையப் பேரைக் கொன்றது. பிறகுதான் அதில் நீல நிறமும், குமட்டுகிற வாடையும், வாந்தி வரவைக்கிற மருந்தும் கலக்க ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தோட்டத்து மாமா பாட்டிலோடு வந்து நின்றால் முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சாயப்பட்டறைக் கேனும் பேரலும்

இங்கேதான் நமக்கு வேலை. எது இருந்தது என்பதைப் பொறுத்து நடை மாறும்.

காஸ்டிக் லை (காஸ்டிக் சோடாக் கரைசல்) இருந்த பேரல், நன்றாகக் கழுவினால் தோட்டத்து வேலைக்கு அருமையாக ஆகும். ஆனால் கழுவுகிறவருக்கு ஆபத்து. கையில் பட்டால் முதலில் வலிக்காது, சோப்புபோல வழுவழுவென்று இருக்கும். அந்த வழுவழுப்பு உங்கள் தோல் கரைவதுதான். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் காஸ்டிக் பேரல் மூடியைத் திறக்க வேண்டாம். தெறித்துவிட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் கண்ணைத் திறந்து பிடித்துக் கழுவிக்கொண்டே 108-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். இன்னொன்று: அலுமினியப் போசியால் மொள்ள வேண்டாம். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும், அது பற்றிக்கொள்ளும்.

அசிட்டிக் அமிலக் கேன் புளித்த காடி வாடை அடிக்கும். கழுவினால் போய்விடும். அடர்த்தியாக இருக்கும்போது தோலைச் சுடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பெராக்சைடு கேனை மூடியை வைத்தே கண்டுபிடிக்கலாம். மூடியின் நடுவில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்கும். பெராக்சைடு சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து ஆக்சிஜனை விடும். துளை இல்லாத மூடி போட்டால் கேன் பலூன் மாதிரி உப்பும். நல்லபடி கழுவினால் மிச்சம் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் போய்விடும், பயமில்லை. கழுவாத கேனில் டீசல், மண்ணெண்ணெய், மரத்தூள், பஞ்சு எதுவும் போடக் கூடாது. நெருப்புக்கு நெய் ஊற்றிய கதையாகிவிடும். இந்த மூடி வைத்த கேனைச் சாய்த்து எடுத்துப் போனாலும் ஒழுகும். வண்டியில் டீசல் பிடித்து வந்து சீட் எல்லாம் நாறினவன் சொல்கிறேன்.

பிளீச்சிங் லிக்கர் (துணி வெளுக்கிற குளோரின் கரைசல்) இருந்த கேனும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்த கேனும் பக்கத்துப் பக்கத்தில் கழுவக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஒரு நாள் ஒரு வகை மட்டும் கழுவுங்கள்.

ஹைட்ரோஸ் (சாயப்பட்டறையில் போடுகிற சோடியம் ஹைட்ரோசல்பைட் பொடி) இருந்த இரும்பு டிரம்மைத் தொட வேண்டாம். பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். அந்தப் பொடியில் கொஞ்சமாய் ஈரம் பட்டால் தானே சூடேறிப் புகையும், நெருப்பும் பிடிக்கும், மூச்சை அடைக்கிற கந்தக வாயு வேறு. மழைக்காலத்தில் காயலான் கடையில் காலி டிரம் தானாகப் புகைகிறது என்றால் அநேகமாக இதுதான்.

சாயப்பொடி டிரம் என்றால் காய்ந்த நிலையில் தட்டிக் கொட்ட வேண்டாம். தூள் மூச்சில் போனால் சிலருக்கு ஆஸ்துமா மாதிரி பிடித்துக்கொள்ளும். உள்ளே பாலித்தீன் பை இருந்தால் அதோடு மொத்தமாக எடுத்துவிட்டு, முதலில் நனைத்து, பிறகு கழுவுங்கள். பைண்டர், கம் என்கிற பசைகள் இருந்த பேரலை உடனே கழுவினால் கையெல்லாம் பிசுபிசுக்கும். நாலு நாள் வெயிலில் காயவிட்டால் உள்ளே ரப்பர் பாய் மாதிரி உரிந்து வரும். இதில் எனக்கு ஒரு அல்ப சந்தோசம் உண்டு, முழுசாக ஒரே உரியாக வந்தால்.

கழுவும் முறை

முதலில் எங்கே கழுவுவது. முடிந்தால் பட்டறையிலேயே முதல் கழுவலை முடித்து வாங்குங்கள். அவர்கள் கழுவுநீர் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும். உங்கள் தோட்டத்தில் கழுவினால் உங்கள் கிணற்றுக்குப் போகும். சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்குப் பிறகு, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழுவுநீரைச் சுத்திகரிக்கப் பட்டறைக்காரர்கள் கோடிகளைக் கொட்டியிருக்கிறார்கள். அந்த வேலையைப் பேரல் வழியாக நம் காட்டுக்குள் இலவசமாக இறக்கிக்கொள்வது என்ன புத்திசாலித்தனம்? மருந்து ஒட்டிய காலிப் பேரலையே 2016-ஆம் வருசத்து விதிகள் அபாயக் கழிவுப் பட்டியலில் வைத்திருக்கின்றன. அனுமதி பெற்றவரிடம்தான் பட்டறை அதைக் கொடுக்க வேண்டும். ஆகவே கழுவி, கணக்கோடு விற்கிற இடத்தில் நூறு இருநூறு கூடக் கொடுத்து வாங்குவதில் நட்டமில்லை.

வீட்டுக்கு வந்த 200 லிட்டர் பேரலுக்கு நான் செய்வது இது. ரப்பர் கையுறை, கண்ணாடி, முழங்கால்வரை பூட்ஸ். காற்று எதிரே வராத மாதிரி நின்று மூடியை மெதுவாகத் தளர்த்தி, உள்ளே அழுத்தம் இருந்தால் போகவிடுவேன். முகத்தை மேலே நீட்டி மோந்து பார்ப்பதில்லை. 20 லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடி, படுக்கவைத்து வாசலில் பத்து முறை உருட்டுவேன். பேரன்களுக்கு இந்த வேலை பிடிக்கும், ஆனால் முதல் மூன்று உருட்டலுக்கு அவர்களை விடுவதில்லை. பிறகு தலைகீழாக நிறுத்தி ஓரமும் கழுத்தும் நனைகிற மாதிரி கொஞ்ச நேரம். இப்படி ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர். மூடியின் வாசரைக் கழற்றித் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வெட்டிப் போடுவேன். மரைக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ். ஆறாவது முறை வாய்வரை தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விட்டுவிடுவேன்.

காலையில் பி.எச். காகிதம், தண்ணீர் அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டுவது. அறிவியல் சாமான் கடைகளில் சின்னப் புத்தகமாகக் கிடைக்கும். பேரல் தண்ணீரில் ஒரு துண்டை நனையுங்கள், உங்கள் போர்த் தண்ணீரில் இன்னொன்றை நனையுங்கள். இரண்டு நிறமும் ஒன்றாக இருந்தால் பேரல் முடிந்தது. இரண்டுமில்லாத நடுநிலை என்று புத்தகத்தில் போட்டிருக்கிற 7 வந்தே ஆக வேண்டும் என்று நிற்காதீர்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் அதுவே 8-க்குப் பக்கம் இருக்கும். நான் முதல் தடவை இது தெரியாமல் ஒரு பேரலைப் பதினோரு முறை கழுவினேன்.

காஸ்டிக்குக்கு அமிலத்தை ஊற்றிச் சரிக்கட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். கொதித்துத் தெறிக்கும். தண்ணீரே போதும், பொறுமைதான் வேண்டும்.

கழுவின பிறகு எதற்கெல்லாம் எடுக்கலாம்? யூரியா, பொட்டாஷ் கரைத்துச் சொட்டுநீரில் விட, சிமெண்ட் வேலைக்குத் தண்ணீர் பிடிக்க, சாணி கரைக்க, குப்பை போட. ஜீவாமிர்தத்துக்கும் எடுக்கிறோம். ஒரு பேரலுக்குப் பத்துக் கிலோ சாணம், கோமியம், இரண்டு கிலோ நாட்டுச் சர்க்கரை, இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண் என்று பார்த்துப் பார்த்துப் போட்டுவிட்டு, பிளீச்சிங் மிச்சம் இருக்கிற பேரலில் கரைத்தால் நுண்ணுயிர் எங்கே பெருகும்? அது கொல்லத்தானே வந்தது. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்துக்கு அவர் சொன்னது அகல வாய் மண்பானையோ சிமெண்ட் தொட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ, உலோகம் மட்டும் ஆகாது என்பார்கள். மண்பானை வாங்க முடிந்தால் பேரல் பஞ்சாயத்தே இல்லை.

மனிதர் குடிக்கிற தண்ணீர், ஊறுகாய், எண்ணெய், மோர், தவிடு இதற்கெல்லாம் சாயப்பட்டறைப் பேரல் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். மாட்டுத் தண்ணிக்கும் நான் வைப்பதில்லை. காங்கேயம் காளை ஒன்றின் விலைக்கு எத்தனை சிமெண்ட் தொட்டி கட்டலாம்! உணவுச் சரக்கு வந்த பேரல்கள் தனியாகக் கிடைக்கின்றன. கிளாசும் முள்கரண்டியும் போட்ட அடையாளம் இருக்கும், திறந்தால் மாம்பழக் கூழ் வாடையோ வினிகர் வாடையோ அடிக்கும். குடிதண்ணிக்கு அதை வாங்குங்கள்.

பேரலை அறுப்பது

முழுப் பேரலைவிடக் காலிப் பேரல்தான் வெடிக்கும். இதை நம்பாதவர்கள்தான் வெல்டிங் பட்டறையில் அடிபடுகிறார்கள். எரிகிறது எண்ணெய் இல்லை, ஆவி. பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்குவரை கலந்திருந்தால் பொறி பட்டதும் வெடிக்கும். நிறைந்த பேரலில் காற்றுக்கு இடமில்லை. காலிப் பேரலில் அடியில் நாலு சொட்டு நின்றால் போதும், கலவை தயார். டீசல் சாதாரணச் சூட்டில் அவ்வளவு ஆவியாகாது, ஆனால் கட்டர் பட்டதும் தகடு சுடும், அப்போது ஆவியாகும். ஆகவே டீசல், தின்னர், பெட்ரோல் இருந்த இரும்பு பேரலைக் கேஸ் கட்டரோ கிரைண்டரோ வைத்து அறுக்கக் கூடாது. "ரெண்டு நாள் தொறந்து போட்டுட்டனுங்க" என்பது சமாதானம் ஆகாது, மடிப்புக்குள் இருப்பது ரெண்டு மாதம் ஆனாலும் இருக்கும்.

பிளாஸ்டிக் பேரல் என்றால் முழுக்கக் கழுவி, கோடு போட்டு, கை ரம்பத்தால் அறுங்கள். விளிம்பைச் சீவி விடுங்கள், கன்றுக்குட்டி வாயைக் கிழித்துக்கொள்ளும். வெயிலில் நாலைந்து வருசம் நின்ற பேரலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் நொறுங்கப் போகிறது என்று பொருள்.

பழைய பேரை அழித்துப் புதுப் பேர் வைப்பது

மிச்சத்தைக் கழுவிவிடலாம். பேரைக் கழுவ மறந்துவிடுகிறோம்.

என் மச்சினன் டெக்சாசில் இருக்கிறான். அங்கே சட்டப்படி தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்கிற பழக்கம் உண்டு. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, புது மருந்தும் ரவையும் வைத்து மறுபடி ஆக்குவது. இங்கே அப்படிச் செய்ய முடியாது. 1959-ஆம் வருசத்து ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும், துப்பாக்கி லைசென்ஸ் போதாது. நோம்பிக்கு வந்தபோது அவன் சொன்னது, பேர் விஷயத்தில் எனக்குக் கண்ணைத் திறந்தது.

புகையில்லா மருந்து பவுண்டு டப்பாவில் வருமாம். பத்து வகை மருந்தைப் பத்துத் தட்டில் கொட்டினால் எல்லாம் மிளகுத்தூள் மாதிரிதான் இருக்கும். ஆனால் எரிகிற வேகம் வேறு வேறு. கைத்துப்பாக்கிக்கான வேகமான மருந்து ரைபிள் தோட்டாவுக்குள் போய்விட்டால் குழலே பிளந்துவிடும். கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியில்லை, டப்பாவின் பேர்தான் ஒரே ஆதாரம். அதனால் அவர்கள் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் இருக்கும். அளக்கிற குடுவையில் மீந்ததை, எழுந்து போகும் முன் வந்த டப்பாவுக்கே திருப்பிக் கொட்டுவார்கள். குடுவையிலேயே விட்டால் சில மருந்து அந்தப் பிளாஸ்டிக்கையே அரித்து மங்கலாக்கிவிடும், அதோடு மறுநாள் அது எந்த மருந்து என்ற சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் வந்த மருந்தைப் பயன்படுத்துவதே இல்லை. ஒரு மருந்தின் காலி டப்பாவில் இன்னொரு மருந்தை ஊற்றுவது அவர்களுக்குள் பாவம் மாதிரி. காலியானதும் கழுவி, லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் குப்பைக்குப் போடுவார்கள்.

"நல்ல கெட்டியான இரும்புப் பெட்டியில வெச்சுக்கலாமல்ல மாப்ள?" என்று கேட்டேன்.

"அதுதான் மாமா தப்பு. அந்த டப்பாவைச் சும்மா லேசாத்தான் செஞ்சிருப்பாங்க. நெருப்புப் புடிச்சா டப்பா வாயைப் பொளந்துட்டு எரிஞ்சு போயிரும். கெட்டியா மூடுனா அது குண்டு."

அன்றைக்கே என் பேரல்களுக்குப் பேர் எழுதினேன். பழைய லேபிளைச் சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்து முழுசாகச் சுரண்ட வேண்டும். சாய்சதுரப் படம் ஒட்டியிருந்தால் அதையும். அரைகுறையாக விட்டால் பிற்பாடு யாராவது காஸ்டிக் என்று படித்து நல்ல உரத்தைக் கொட்டிவிடுவார்கள், அல்லது "லேபிள் கிடக்குது, உள்ள வேற இருக்கும்" என்று நிஜக் காஸ்டிக்கிலும் கை விடுவார்கள். இரண்டாவது பழக்கம்தான் ஆளைக் கொல்லும். லேபிள் பொய் சொல்லும் என்று வீட்டார் ஒரு முறை பழகிவிட்டால் எந்த லேபிளையும் மதிக்க மாட்டார்கள்.

வெள்ளை பெயிண்டில் பெரிய எழுத்தில், மூடியில் இல்லாமல் உடம்பில் எழுதுங்கள். மூடி இடம் மாறும். படிக்கத் தெரியாத ஆளும் வேலைக்கு வருவார்கள், வடக்கத்திப் பையன்களும் இருக்கிறார்கள். ஆகவே ஒரு படமும் போடுங்கள். என் தோட்டத்தில் உரப் பேரலுக்கு ஒரு இலை, சாணிப் பேரலுக்கு ஒரு மாட்டுத் தலை. மாட்டுத் தலை நாய் மாதிரி இருக்கிறது என்று கிண்டல் பண்ணுகிறார்கள், ஆனால் இதுவரை யாரும் மாற்றி ஊற்றவில்லை. ஒரு வேலைக்கு வைத்த பேரல் கடைசிவரை அந்த வேலைக்குத்தான்.

அட்டாலியில் பழைய டப்பா இருந்தால்

மலையடிவாரத்து வீடுகளிலும், கிணறு வெட்ட வெடி வைத்தவர்கள் வீடுகளிலும் இன்னும் இருக்கும். உள்ளே மருந்து இருப்பது தெரிந்தால், அல்லது தோட்டா, வெடியைக் கிளப்புகிற கேப்பு மாதிரி எதையாவது பார்த்தால், ஆட்டாமல், திறக்காமல், வண்டியில் தூக்கிப் போகாமல் அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். "வீட்ல பெரியவரு வெச்சிருந்தது, இப்பத்தான் பாத்தோம்" என்று நீங்களே போய்ச் சொல்வது, பிறகு அவர்கள் வந்து எடுப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

கரிமருந்து இருந்து முழுக்கக் காலியானது என்று உறுதியாகத் தெரிந்தால், வெளியே, அடுப்புக்கும் பீடிக்கும் தள்ளி, ஒரு வாளித் தண்ணீருக்குள் டப்பாவையும் கழற்றின மூடியையும் அமுக்கி ஒரு நாள் விடுங்கள். வெடியுப்பு தண்ணீரில் கரையும், அது போய்விட்டால் மீதியான கரியும் கந்தகமும் அந்த வேகத்தில் எரியாது. காய்ந்த டப்பாவை ஆணியாலோ கரண்டியாலோ சுரண்டவே வேண்டாம், ஈரத்தில்தான் கை வைக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டு, மடிப்பில் பிரஷ் விட்டு, இன்னொரு முறை அலசுங்கள்.

அத்தையின் டப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம். வாளித் தண்ணீர் மை கரைத்த மாதிரி கருத்தது. மூன்றாம் தண்ணீர் தெளிந்ததும் அத்தை கை நீட்டினார், திரி போட்டுக்கொள்ள. கொடுக்கவில்லை. சுத்தியலால் தட்டையாக்கி, மற்ற தகரத்தோடு பழைய இரும்புக்குப் போட்டேன். எடை போடுகிறவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல டப்பாங்க இது, ஏனுங்க நசுக்கிப்போட்டீங்க?" என்றார்.